நலம் காப்போம்: குழாயில் படியும் பாசி

கிணற்றடித் தொட்டியை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் உட்புறம் வழுவழுவென்று பாசி படிந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் அது போகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நோயாளிக்குப் பொருத்தும் சுவாசக் குழாயிலும் சிறுநீர்க் குழாயிலும் கிருமிகள் இவ்வாறே ஒட்டி, பசைபோன்ற படலத்தைச் சுரந்து அதனுள் ஒளிந்து கொள்கின்றன. அன்ரிபயோட்டிக் மருந்து அங்கே இலகுவில் வேலை செய்யாது. பல வேளைகளில் குழாயையே கழற்ற நேரிடும். எனவே வருமுன் காப்பதே வழி.

நோயாளியைத் தொடுமுன்பும் தொட்ட பின்பும் கைகளைக் கழுவுங்கள். உயர்த்தி வைத்த தலைப்பக்கக் கட்டிலைத் தாழ்த்தாதீர்கள். சுவாசக் குழாய் எடுத்த பின்னரும், தாதியைக் கேளாமல் கஞ்சியோ தண்ணீரோ பருக்காதீர்கள். அது சுவாசப்பைக்குள் போகலாம்.

“இந்தக் குழாய் இன்றும் தேவையா?” என்று வைத்தியரிடம் நாள்தோறும் கேளுங்கள். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல. ரோவிலுக்கு அருகேயுள்ள டண்டினோங், கிளேற்றன் அரசாங்க வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். வீட்டிலிருந்து பேசுவதாயின் 131 450 இலக்கத்தை அழைத்துத் “தமிழ்” என்று சொல்லுங்கள்.

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோருக்கான சீபாப் கருவி, சிட்னியில் கொலின் சலிவன் உருவாக்கியது. அதனை வீட்டில் பாவிப்போர் முகமூடியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் தினமும், குழாயை வாரந்தோறும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, நிழலில் நன்கு உலர்த்துங்கள். பழைய தண்ணீரை மறுநாளுக்கு வைக்காதீர்கள். ஈரம் நின்றால் பாசி வரும்.