ஓய்வுக்கு ஒரு நிகழ்ச்சி நிரல்

கனடாவில் ரொறன்ரோ நகரில் வசிக்கும் நமது பெரியம்மாவின் மகன் சென்ற ஆண்டு தை மாதத்தில் நமக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கடிதம் என்பது பழைய வழக்கம் பற்றிச் சொன்ன சொல். கைத்தொலைபேசியில் வந்த செய்திதான். வருகிற மார்கழி விடுமுறையில் குடும்பத்துடன் திருகோணமலைக்கு வர எண்ணியிருப்பதாகவும், பெரியம்மாவையும் அழைத்து வருவதாகவும், நான்கு நாட்களுக்குரிய நிகழ்ச்சி நிரலை இத்துடன் இணைத்திருப்பதாகவும் அண்ணன் எழுதியிருந்தார். நிரலைத் திறந்து பார்த்தோம். நான்கு நாட்களில் பதினேழு இடங்கள்! காலை ஆறரை மணிக்குக் கோணேசர் கோயில். எட்டு மணிக்குக் கன்னியா வெந்நீரூற்று. ஒன்பதரைக்கு வெல்கம் விகாரை. அதன் பின் திரியாய். நமது கல்லூரியின் பரீட்சை நேரசூசிகூட இத்தனை நெருக்கமாக இராது.

நமக்கு வியப்பளித்தது வேறொன்று. அதற்கு முந்திய பனிக்காலத்தில் இதே குடும்பம் கரிபியன் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசில் ஏழு நாள் தங்கியிருந்தது. அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று அப்போது கேட்டோம். “ஒன்றும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தோம், நித்திரை கொண்டோம்” என்று அண்ணன் பெருமையோடு பதில் எழுதினார். பார்படோஸ் ஏறத்தாழ 430 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. நமது திருகோணமலை மாவட்டமோ 2,700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அந்தச் சிறு தீவில் ஏழு நாள் சும்மா இருக்கத் தெரிந்தவர், அதைப்போல் ஆறு மடங்கு நிலத்தை நான்கு நாளில் ஓடி முடிக்கத் துணிந்தது எதனால்? அந்நிய ஊருக்குப் போகிறவன் ஓய்வெடுக்கப் போகிறான். பிறந்த ஊருக்கு வருகிறவன் கடன் தீர்க்க வருகிறான். கோயிலுக்கு ஒரு கடன், உறவினர்க்கு ஒரு கடன், பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டாமல் விட்ட கடன்! இவ்வளவையும் தலையிற் சுமந்துகொண்டு வருபவருக்கு நித்திரை எங்கே வரும்?

முதலில் மாதத்தை மாற்றச் சொன்னோம். கரிபியன் தீவுகளுக்கு மார்கழியும் தையும் நல்ல காலம். அங்கே அப்போது மழை குறைவு. நமக்கோ அது வாடைக் காலம். ஐப்பசி தொடங்கித் தை வரையிலும் வடகீழ்ப் பருவமழை பெய்யும், கடல் கொந்தளிக்கும், நிலாவெளியிலிருந்து படகுகள் புறப்படுவது அரிது. சித்திரை கழிந்த பின் ஆவணி வரையில்தான் நமது கடல் குளம் போலக் கிடக்கும். பகலில் கச்சான் காற்று அனலாக வீசுமென்பது உண்மையே. ஆனால் அதற்கு மருந்து வீட்டுக்குள் இருப்பதுதான். கனடாவில் ஆடி, ஆவணி மாதங்கள் பாடசாலை விடுமுறையாதலால் அண்ணன் உடனே இசைந்தார்.

அடுத்து நிரலில் கோடு கிழிக்கும் வேலை. கந்தளாய்க் குளத்தை அடித்தோம். மூதூரை அடித்தோம். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயனின் கதையைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவிடலாம். வெல்கம் விகாரைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்க் கல்வெட்டுக்களைத் தாங்கி நிற்கும் பௌத்தப் பள்ளி அது. அங்கே நின்று அரைமணி நேரம் விரிவுரை ஆற்றவேண்டுமென்ற ஆசை நமக்கு. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நம் மனைவியார், “இது ஆருக்கு விடுமுறை? உங்களுக்கோ, மாமிக்கோ?” என்று கேட்டார். அதையும் அடித்தோம்.

அன்றிரவே பெரியம்மா நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். எழுபத்தெட்டு வயது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் சண்டை மறுபடியும் மூண்டபோது இரண்டு பைகளோடு ஊரை விட்டுப் புறப்பட்டவர், அதன் பின் இங்கு காலடி வைக்கவில்லை. பெரியப்பா அந்தக் குளிர் நாட்டிலேயே காலமாகிவிட்டார். நலம் விசாரித்து முடித்த பின் பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, எங்கட வீட்டுப் பக்கம் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். பெடியனுக்குச் சொல்லாதை. அவன் ஆசையாய் எழுதிவைச்சிருக்கிறான்.”

உண்மைதான். அண்ணனின் நிரலில் பதினோராம் இலக்கம் இப்படி இருந்தது: “எங்கள் வீடு, 20 நிமிடம்.” உட்துறைமுகத்தை அண்டிய ஒரு வீதியில் இருந்த அந்த வீடு கைமாறி நெடுங்காலமாகிறது. வீதி திருத்தப்படுகிறது, போக இயலாது என்று ஒரு பொய் எழுதிவிடலாமா என ஒரு நாள் முழுவதும் யோசித்தோம். மாணவர்களுக்கு வாய்மை பற்றிக் கட்டுரை எழுதக் கொடுக்கும் தொழிலில் இருப்பவருக்கு இது சங்கடமான நிலைமை. முடிவில், பதினோராம் இலக்கத்தை எடுத்துவிட்டு, நான்காம் நாட் காலையில் ஒன்றும் எழுதாமல் விட்டோம். “வீடு எங்கே?” என்று அண்ணன் கேட்டபோது, “நான்காம் நாள் காலை வெறுமையாக இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதினோம். அதில் பொய் ஒன்றுமில்லை.

நாம் அனுப்பிய புது நிரல் ஒரே பக்கம். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுவில் வீடு. அவ்வளவுதான். வந்து சேர்ந்த மறுநாளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ரொறன்ரோவில் கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. உடலுக்கு அது சடுதியில் விளங்காது. பிள்ளைகள் இருவரும் இரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்து பசி என்றார்கள். பாணும் சம்பலும் கொடுத்தோம். மறுநாட் பகல் முழுதும் நித்திரை. உறவினர் வீடு இல்லாத வாசகர்கள் நகருக்குள்ளோ உப்புவெளியிலோ தங்குமிடம் பார்த்துக்கொள்வது நலம். முதியவர்களை வைத்துக்கொண்டு தொலைவிலே தங்கினால் பாதி நாள் வாகனத்திலேயே போய்விடும்.

முதல் நாட் காலை உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்தார்கள். பிள்ளைகளையும் கயிற்றைப் பிடிக்க விட்டார்கள் அந்தத் தொழிலாளிகள். வலையில் பெரும்பாலும் சூடை மீன்தான். ஆயினும் தாமே இழுத்த மீனென்று மத்தியானம் முள்ளோடு சண்டையிட்டு உண்டார்கள். அன்று மாலை கன்னியா. ஏழு கிணறுகள், ஏழுக்கும் ஏழு விதமான சூடு. தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தி உண்டாக்கியவை என்பது ஐதிகம். நம்மவர் அந்தியேட்டிக் கிரியைகளுக்கு அங்கே போவதும் அதனால்தான். பிள்ளைகளுக்கு அது வாளியால் அள்ளி ஊற்றும் விளையாட்டு. பெரியம்மா தம் தந்தையாரின் கிரியைக்கு அங்கே வந்தவர்; மரநிழலில் தனியே அமர்ந்துகொண்டார். நாம் அழைக்கவில்லை.

இரண்டாம் நாள் புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கடற்படையினர் பீரங்கிப் பயிற்சிக்கு அதைக் குறியாகக் கொண்டார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் அலையும் கூடும், சனமும் கூடும். பவளப்பாறையின் மேல் காலூன்றக் கூடாதென்று பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும். பாறை போலத் தோன்றினாலும் அது உயிருள்ள பொருள். ஒரு காலடியில் முறிவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். கரையோரத்தில் சிறு சுறாக்களைக் கண்ட பேத்தி அலறிக்கொண்டு ஓடிவந்து, பின்பு அவை தம்பாட்டிற் போவதைக் கண்டு, தானே திரும்பிப் போனாள். பெரியம்மா அன்று வீட்டில் நம் மனைவியாரோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகவேண்டும் என்ற பிடிவாதம் விடுமுறையைக் கெடுக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

மூன்றாம் நாள் மாலை கோணேசர் கோயில். பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து ஏறும் வழி முழங்காலைச் சோதிக்கும். ஆகவே நான்கு மணிக்கே போய், இருந்து இருந்து ஏறினோம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுகள்போல் அருகில் வரும். அந்தக் கோட்டையின் கல்லிலேதான் கோயிலின் கதை இருக்கிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கோயிலின்றி இருந்தது. 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது நிலத்துள் புதைந்திருந்த விக்கிரகங்கள் வெளிவந்தன. 1963இல் புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கிடையில் 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இதையெல்லாம் நாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டு போக, அவன், “இடித்தது யாரென்று தெரிந்தும் அந்தக் கோட்டைக்குள்ளாலேயே ஏன் கோயிலுக்குப் போகிறோம்?” என்று கேட்டான். வேறு வழியில்லையே என்றோம். வகுப்பில் இத்தனை நல்ல கேள்வி நமக்கு நெடுநாளாகக் கிடைத்ததில்லை.

பூசை முடிந்து இறங்கி, ஒல்லாந்தர் குடாக் கரையில் இருள் சூழும் வரை இருந்தோம். கடலை வாங்கிக் கொறித்தோம். யாரும் மணி பார்க்கவில்லை.

நான்காம் நாட் காலை ஐந்தரை மணிக்குப் பெரியம்மா விறாந்தையில் சேலை உடுத்து ஆயத்தமாக இருந்தார். மற்றவர்கள் நித்திரை.

“தம்பி, ஒரு ஓட்டோ பிடிக்கலாமோ? அந்த வீதியாலே ஒருக்காப் போய்வருவம். இறங்கமாட்டன்.”

போனோம். பழைய ஓட்டு வீடு இல்லை. மாடி வீடொன்று நின்றது. கிணறு மட்டும் அதே மூலையில் இருந்தது. ஓட்டோவை மெதுவாக விடச் சொன்னார். பிறகு நிறுத்தச் சொன்னார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்து, “ஆரைத் தேடுறீங்கள் அம்மா?” என்று கேட்டாள்.

“ஒருத்தரையும் இல்லைப் பிள்ளை. இந்தக் கிணத்திலே இப்பவும் நல்ல தண்ணியோ?”

“நல்ல தண்ணிதான். குடிக்கிறீங்களோ?”

பெரியம்மா நம்மைப் பார்த்தார். பின்பு ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

நாம் வீடு திரும்பியபோது அண்ணன் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். “இந்த விடியலிலே எங்கே போனீர்கள் அம்மா?” என்றார்.

“தண்ணி குடிக்கப் போனனாங்கள்” என்று சொல்லிவிட்டு, பெரியம்மா பிட்டு அவிகிறதா என்று பார்க்க அடுக்களைக்குள் போனார்.