மண் கோடு ஏறும் வீடு

எதிர்வீட்டு ஆச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். "ஏய்யா, இதக் கொஞ்சம் பாரேன். போன வாரந்தான் சுரண்டி எடுத்தேன், மறுபடியும் மண்ணு ஏறிட்டு." அடுக்களை நிலையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பென்சில் பருமனில் மண் கோடு. விளக்குமாற்றால் தட்டி, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்த இடம் சுத்தமாகத்தான் இருந்தது. கோடு அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஏறியிருந்தது.

அந்தக் கோட்டை நகத்தால் கொஞ்சம் பெயர்த்துக் காட்டினேன். ஈர மண் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சிறு உருவங்கள் மேலும் கீழுமாக ஓடின. தலை மட்டும் பழுப்பாக இருந்த இரண்டு மூன்று உடைசலுக்கு வந்து நின்றுகொண்டன. அவை காவல்காரக் கரையான். ஓடுகிறவை வேலைக்காரக் கரையான், கண் தெரியாதவை. மெல்லிய தோல் என்பதால் காற்றுப் பட்டாலே காய்ந்து செத்துப்போகும். அதனால்தான் மண்ணின் ஈரத்தைக் குழாய் கட்டிக் கூடவே கொண்டு வருகின்றன. மறுநாள் காலையில் உடைசல் அடைபட்டிருந்தது. கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை கிடையாது.

நிலையில் நாம் பார்ப்பது கரையானின் பாதையை மட்டும்தான். அதன் வீடு தரைக்குக் கீழே மண்ணில் இருக்கிறது. முட்டையிடும் ராணி அங்கே இருக்கிறது. மேலே எத்தனை லிட்டர் எதை ஊற்றினாலும் பாதையில் அகப்பட்டவை சாகும், அவ்வளவே. ஆச்சியைப் போல எத்தனையோ பேர் வருஷக்கணக்காக நிலையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மருந்தைத் தேடுமுன் வந்திருப்பது கரையான்தானா என்று பார்க்க வேண்டும். கட்டில் காலுக்குக் கீழே மெல்லிய பொடி கொட்டி, மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்தால் அது உளுத்துப்போகிற மரம். வேலை செய்வது ஒரு வண்டு. பொடிக்குப் பதில் கசகசா போல மணிமணியாகக் கொட்டினால் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். இதற்கு மண்ணும் வேண்டாம், மண் கோடும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் மரத்துக்குத்தான் வைத்தியம், தரையைத் துளைத்துப் பயனில்லை. மண் கோடு இருந்தால் மட்டுமே தரையடிக் கரையான்.

முதல் மழைக்குப் பின் டியூப்லைட்டைச் சுற்றும் ஈசலும் இந்தக் கரையான்தான். வெளியிலிருந்து பறந்து வந்தால் கவலையில்லை. வீட்டுக்குள் சுவர் இடுக்கிலிருந்தோ நிலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்தோ கிளம்பினால் கூடு காலடியில் இருக்கிறது என்று கொள்ளலாம். இறக்கை முளைத்த எறும்போ என்று சந்தேகம் வந்தால் இடுப்பைப் பாருங்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். முன் இறக்கை நீளம், பின் இறக்கை குட்டை. ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம். பார்க்க எறும்பு மாதிரி இருந்தாலும் கரையானுக்குச் சொந்தம் கரப்பான்பூச்சிதான்.

தோட்டத்துப் புற்றை நான் தொடவிடுவதில்லை. உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மண்ணாக்கித் தருகிற உயிர் அது. உள்ளே காளான் வளர்த்துச் சாப்பிடுகிற இனமும் அதில் உண்டு. மழைக்குப் பிறகு நாம் பறிக்கும் புற்றுக் காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவது. வீட்டுக்குள் ஏறுகிற கூட்டத்தோடு மட்டும்தான் நமக்கு வழக்கு.

அந்த வழக்கில் இழப்பு பெரிது. பெயின்ட் பூச்சு மட்டும் தோலாக நிற்க, உள்ளே ஒன்றுமில்லாத நிலையில் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் பிடி வரை இறங்கும். சுவரோடு ஒட்டிய அலமாரியில் பத்திரமும் பழைய புகைப்படமும் அட்டைப்பெட்டியோடு மண்ணாகியிருக்கும். ஏடு தேடி ஊர் ஊராகப் போன உ.வே.சாமிநாதையருக்குச் செல்லரித்த சுவடிகள் கிடைத்த கதையைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தேக்கு போட்டால் கரையான் வராது என்று நம்புவார்கள். தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. வெளிச்சுற்றிலுள்ள வெள்ளைப் பகுதியைத் தின்றுவிடும். இன்று விற்கும் இளந்தேக்கில் வெள்ளைதான் கணிசம்.

சரியான வைத்தியம் மண்ணுக்கு மருந்து கட்டுவது. வீடு கட்டும்போதே செய்தால் சுலபம். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313-இன் இரண்டாம் பகுதி இதற்காகவே இருக்கிறது. அஸ்திவாரக் குழிக்கும், குழியை மூடும் மண்ணுக்கும், தளம் போடுமுன் நிரவிய மண்ணுக்கும் தனித்தனியாக மருந்து தெளிக்க வேண்டும். தளத்துக்குக் கீழே சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை. பூவாளியால் பேருக்குத் தெளித்துவிட்டுப் போகிற மேஸ்திரியிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். சென்ட்ரிங் பலகைத் துண்டு, வேர், சிமென்ட் சாக்கு எதையும் அடியில் போட்டு மூட விடாதீர்கள். கரையானுக்குப் பந்தி விரித்து அதன் மேல் வீடு கட்டுவதுபோல் ஆகிவிடும்.

கட்டி முடித்த வீட்டுக்கு அதே தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் மூலையில் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்தை இறக்கிச் சிமென்ட் வைத்து அடைப்பார்கள். சுவரின் வெளிப்பக்க மண்ணுக்கும் மருந்து போக வேண்டும். சுவரில் மட்டும் ஸ்ப்ரே அடித்துவிட்டு ரசீது கொடுப்பவரை நம்ப வேண்டாம். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன் கீழ் உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை லிட்டர் என்று கேட்பது உங்கள் உரிமை. ஒரு காலத்தில் எல்லோரும் ஊற்றிய ஆல்ட்ரின் 1996-இல் தடை செய்யப்பட்டது. இப்போது இமிடாகுளோபிரிட் போன்றவை வந்திருக்கின்றன. இந்த மருந்து இருப்பது கரையானுக்குத் தெரியாது; அதன் வழியே நடந்து, ஒன்றையொன்று நக்கி, கூட்டுக்குள் பரப்பிவிடும். பலன் தெரியக் கொஞ்சம் நாளாகும். எந்த மருந்தானாலும் விஷம்தான். கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை நடக்கும்போது குழந்தைகள் வீட்டில் இருக்கக் கூடாது.

ஆச்சி வீட்டில் துளை போட்டு மருந்து இறக்கியாயிற்று. அதற்கு முன்பே நான் வற்புறுத்திச் செய்ய வைத்தது, குளியலறைக் குழாய்க் கசிவை அடைத்தது. அந்தச் சுவர்தான் அடுக்களை நிலைக்குப் பின்புறம். ஈரம் நிற்கும் வரை கரையான் வந்துகொண்டேதான் இருக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரைத்தளத்துக்காரர் மட்டும் செலவு செய்து மருந்தடிக்க, மேல்வீட்டார் நமக்கென்ன என்று இருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். குழாய்கள் போகும் சந்து வழியாகக் கரையான் மாடிக்கும் ஏறும். கட்டடத்தைச் சுற்றியுள்ள மண் எல்லோருக்கும் பொது. அதற்கான செலவையும் சங்கக் கணக்கில் எழுதுங்கள்.