தொட்டிக்கு முன் வடிகட்டி

வீட்டுக் கொல்லையில் மீன் வளர்க்கக் கடன் கேட்டு வருவோர் இன்று பலர். 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் சிறு மீன் வளர்ப்பு அலகுகளுக்கும் மானியம் அளிக்க வகைசெய்தது. அலகுச் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு; பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடு. வரவேற்கத்தக்கதே. ஆனால், எங்களிடம் வரும் மதிப்பீடுகளில் தொட்டி, குஞ்சு, தீவனம் ஆகியவை முதலிடம் பெறுகின்றன. வடிகட்டியோ கடைசி வரியில் சிறு தொகையாக நிற்கிறது. இவ்வரிசை மாற வேண்டும் என்பது என் கருத்து.

மீனின் கழிவையும் எஞ்சிய தீவனத்தையும் வலைவடிகட்டி அகற்றிவிடும். செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவோ நீரில் கரைந்துவிடும், கண்ணுக்குப் புலப்படாது. அதை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை உயிரி வடிகட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் தொட்டியை நிரப்பிய மறுநாளே குஞ்சுகளை விட்டார். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. மூன்றாம் வாரத்தில் மீன்கள் செத்து மிதந்தன. தவணை மட்டும் உரிய தேதியில் வந்து நின்றது. அக்கடனைப் பரிந்துரைத்தவன் நான். வடிகட்டி பக்குவப்பட்டதா என்று அவரிடம் நானும் கேட்கவில்லை.

அன்று முதல் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். குஞ்சு விடுமுன் வடிகட்டியைப் பக்குவப்படுத்தக் கால அவகாசம் உள்ளதா? அம்மோனியா, நைட்ரைட், காரகாடித்தன்மை ஆகியவற்றை அளக்கும் சோதனைப் பெட்டி வாங்கப்படுமா? மின்சாரம் நின்றால் காற்றூட்டியை இயக்க மாற்று ஏற்பாடு உண்டா? நெருக்கமாக மீன் வளரும் தொட்டியில் காற்றூட்டம் நின்றால், ஒரு மணி நேரத்திற்குள்ளேயே உயிர்வளி தீர்ந்துவிடக்கூடும்.

இவற்றால் செலவு உயரும், எளியவர்கள் ஒதுங்கிவிடுவர் என்று சிலர் கூறுவர். தொட்டியைச் சிறிதாக்கலாம், மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். வடிகட்டியைக் குறைக்கலாகாது என்பதே என் விடை. வங்கிகளுக்கும் கடமை உண்டு. வடிகட்டி பக்குவப்படும் வாரங்களையும் கணக்கில் கொண்டு, முதல் அறுவடைக்குப் பின்னரே தவணை தொடங்குமாறு அமைக்க வேண்டும்.

மதிப்பீட்டுடன் எங்களை அணுகும் முன், அதில் வடிகட்டி எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.