‘ஃப்ரிட்ஜை நீங்களே வச்சுக்குங்க!’

பத்திரப் பதிவு முடிந்து, பணம் கைமாறி, சாவியைக் கொடுக்கும் நேரத்தில் வீட்டை விற்பவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வரும். “ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாம் இங்கேயே இருக்கட்டும் சார். நல்லா ஓடிட்டுதான் இருக்கு. நீங்களே வச்சுக்குங்க.” கேட்க தாராள மனசாகத் தெரியும். பல நேரம் அது தாராளமேதான். சில நேரம், வண்டிக்கூலி மிச்சம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும், கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கமும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் இந்தப் பேச்சுக்கு இடம் அதிகம். தொழிற்சாலை வேலைக்காக வந்து, மனை வாங்கி வீடு கட்டி, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கோ மகன் வீட்டுக்கோ கிளம்புகிறவர்கள் இங்கே உண்டு. சொந்த ஊர் திருநெல்வேலி என்றால் 600 கிலோமீட்டருக்கு மேல். பதினைந்து வருடப் பழைய ஃப்ரிட்ஜை அவ்வளவு தூரம் ஏற்றிப்போக யாருக்கு மனசு வரும்? போகிற இடத்தில் மகன் வீட்டில் புது ஃப்ரிட்ஜ் இருக்கும். வாங்குகிறவரோ, வங்கிக் கடனில் முதல் வீடு வாங்கும் இளம் தொழிலாளியாக இருப்பார். முன்பணம், பதிவுச் செலவு, பால் காய்ச்சும் செலவு என்று கை காலியான நேரத்தில், சும்மா கிடைக்கும் ஃப்ரிட்ஜ் தெய்வம் கொடுத்ததுபோல இருக்கும்.

கணக்கு தெரியவருவது முதல் கரன்ட் பில்லில். ஃப்ரிட்ஜின் கதவில் ஐந்து நட்சத்திரம் பளபளக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. நட்சத்திரத்துக்கும் வயது உண்டு. மின் சிக்கன ஆணையம் அந்த அளவுகோலை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே வருகிறது. 2010-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஏசியை இன்றைய அளவுகோலில் வைத்தால் பாதி நட்சத்திரம்கூடத் தேறாமல் போகலாம். ஆகவே நட்சத்திரத்தை எண்ணுவதை விட்டு, ஸ்டிக்கரில் எந்த வருடம் என்று பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் அச்சிட்டிருப்பார்கள். அதை ஆறால் வகுத்தால் நம் ஊர் இரண்டு மாத பில்லுக்கான கணக்கு வந்துவிடும். 420 யூனிட் என்று போட்டிருந்தால் ஒரு பில்லுக்கு 70 யூனிட். அதுவும் புதிதாக இருந்தபோது எடுத்த அளவு. கதவு ரப்பர் தளர்ந்துபோன பெட்டி அதைவிடக் கூடுதலாகத்தான் இழுக்கும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் கையோடு வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையுள்ள குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போய்விடும். 480-ல் நிற்க வேண்டிய குடும்பத்தை 510-க்குத் தள்ளிவிட ஒரு கிழட்டு ஃப்ரிட்ஜ் போதும். சும்மா வந்த பொருளுக்கு மாதத் தவணை கட்டுவதுபோலத்தான் இது.

ஃப்ரிட்ஜாவது பணத்தோடு போகும். குளியலறை ஹீட்டர் அப்படியல்ல. உள்ளே சுருள் அரித்து, எர்த் ஒயரும் சரியில்லாமல் இருந்தால் தண்ணீரில் ஷாக் வரும். பழைய குடும்பத்துக்கு அதன் குணம் பழகியிருக்கும்: “ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் குளிக்கணும்.” புதிதாகக் குடிவரும் வீட்டுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? சாவி வாங்கிய வாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் கசிவையும் பார்த்துவிட்டு, மெயினில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் ஒன்று மாட்டச் சொல்வது நல்லது. அதற்கு முன் அந்த ஹீட்டரைப் போட வேண்டாம்.

இதில் எது வீட்டோடு சேர்ந்தது, எது விற்பவருடையது? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. அதன் 8-வது பிரிவின்படி, வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, ஒரு வீடு கைமாறும்போது அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், அதோடு நிரந்தரமாகப் பயன்படவென்று வைத்த மற்றவை எல்லாம் சேர்ந்தே போகும். நம் பாட்டிகள் காலத்து வீட்டை நினைத்தால் சுலபமாகப் புரியும். தரையில் பதித்த ஆட்டுக்கல் வீட்டோடு போகும். சுவரோரம் சாய்த்துவைத்த அம்மி குடும்பத்தோடு போகும். அந்தக் கணக்கில் கிணற்று மோட்டார், மாடித் தண்ணீர்த் தொட்டி, பதித்த குழாய்கள் வீட்டுடையவை. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பிளக்கைப் பிடுங்கினால் கிளம்பிவிடும். அவை விற்பவருடையவை.

ஏசிதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சுவரில் திருகியிருக்கிறது, ஆனால் கழற்றவும் முடியும். ஹீட்டர், சிம்னி, இன்வெர்ட்டர், மொட்டை மாடி சோலார் எல்லாம் இதே ரகம். வீட்டைக் காட்டியபோது ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஏசி, சாவி வாங்கப் போகும்போது காணாமல் போய், சுவரில் ஓட்டை மட்டும் மிஞ்சுவது இதனால்தான். ஒருவர் ‘இதெல்லாம் சேர்த்துத்தானே விலை’ என்று நினைத்திருப்பார்; மற்றவர் ‘நான் எங்கே அப்படிச் சொன்னேன்’ என்பார். இருவரிடமும் பொய் இல்லை. பேசாமல் விட்டதுதான் வினை.

இங்கிலாந்தில் இதற்கென்றே ‘டிஏ10’ என்று ஒரு படிவம் உண்டு. வழக்கறிஞர்களின் அமைப்பான ‘லா சொசைட்டி’ வெளியிட்டது. திரைச்சீலைக் கம்பி முதல் அடுப்புவரை, எது இருக்கும், எது போகும் என்று விற்பவர் நிரப்பித் தருவார். ஜெர்மனியில் வாடகை வீட்டைக் காலிசெய்கிறவர் சமையலறை அலமாரியையே கழற்றிக்கொண்டு போவது சகஜம். நமக்குப் படிவம் இல்லாவிட்டால் என்ன, கிரய ஒப்பந்தம் இருக்கிறது. நம் பத்திரங்களில் ‘கதவு, நிலை, மின் இணைப்பு, அதன் டெபாசிட் சகிதம்’ என்று எழுதும் பழக்கம் வெகுகாலமாகவே உண்டு. ஒப்பந்தத்தில் அந்த ‘சகிதம்’ பக்கத்தில் நான்கு வரி கூட எழுதினால் முடிந்தது: ஹால் ஏசி, இன்ன கம்பெனி, வாங்கிய வருடம், ஓடுகிறது. பின்பக்கக் குளியலறை ஹீட்டர், ஓடவில்லை, விற்பவர் கழற்றிவிடுவார். கூடவே போனில் ஒரு போட்டோ. ஓடாததை ‘ஓடவில்லை’ என்று எழுத விற்பவர் கூச்சப்படத் தேவையில்லை. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லிவிட வேண்டியது சொத்தை விற்பவரின் கடமை என்று அதே சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது.

பொருளுக்குத் தனியாக விலை பேசினால், அதைத் தனி ரசீதில் வாங்கிக்கொள்வது சுத்தம். வீட்டு விலைக்குள் ஏசியையும் கட்டிலையும் நுழைத்தால் அதற்கும் சேர்த்து 7 சதவிகிதம் முத்திரைத்தீர்வையும் 2 சதவிகிதம் பதிவுக் கட்டணமும் கட்ட நேரும். அதற்காக வீட்டு விலையைக் குறைத்துக் காட்ட, ஐயாயிரம் பெறாத ஃப்ரிட்ஜுக்கு ஐந்து லட்சம் ரசீது போடும் ‘ஐடியா மணி’களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒப்பந்தம் போடும்போதே “இதெல்லாம் வேண்டாம், காலிசெய்து கொடுங்க” என்று சொல்ல வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கினால், பரணில் ஏறிக்கிடக்கும் 14 இஞ்ச் டிவியையும் நீங்கள்தான் இறக்க வேண்டியிருக்கும். 2006-ல் தொடங்கி தி.மு.க. அரசு கொடுத்த இலவச கலர் டிவி, 2011 செப்டம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று இரண்டு ஆட்சியும் சமாதானமாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் பரண்கள் நிறைய. மிக்ஸியை ரிப்பேர் செய்து ஓட்டலாம். அந்த டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதைக் குப்பையில் போட்டு உடைக்கக் கூடாது.

காயலான் கடைக்குப் போட்டால் ஆகாதா? இரும்புக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லாத பசி. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ஆலைகளும் இருக்கின்றன. உங்கள் ஃப்ரிட்ஜின் தகடு யாரோ ஒருவர் வீட்டுத் தளத்துக் கம்பியாகத் திரும்பி வரலாம். சிக்கல் இரும்பில் இல்லை. தாமிரத்துக்காக கம்ப்ரஸரை உடைக்கும்போது உள்ளே இருக்கும் கேஸ் காற்றில் கலக்கிறது. ரொம்பப் பழைய பெட்டி என்றால் அது ஓசோன் படலத்தை அரிக்கும் ரகம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், பழைய சாதனங்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள்மீது வைத்திருக்கின்றன. விற்பவர் போகிற ஊரில் புதிது வாங்கப்போகிறார் என்றால், பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களா என்று அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுப்பார்க்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இன்னும் சுலபம். பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கினால் கடைக்காரரே விலையைக் கழித்துக்கொள்வார்.

கேஸ் சிலிண்டரை மட்டும் “இதுவும் இருக்கட்டும்” என்று யாரும் விட்டுப் போகக் கூடாது. யாரும் வாங்கவும் கூடாது. இணைப்பு வீட்டுக்கு இல்லை, ஆளின் பெயருக்கு. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்ஸியில் ஒப்படைத்தால், வெளியூர் போகிறவருக்கு மாற்றச் சீட்டு தருவார்கள்; இணைப்பே வேண்டாம் என்பவருக்கு டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும். ஏஜென்ஸிக்குப் போகும் முன் அந்தப் பழைய டெபாசிட் சீட்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக அது ஃப்ரிட்ஜின் வாரன்டி கார்டு வைத்திருக்கும் அதே மஞ்சப்பைக்குள்தான் இருக்கும்.