லீவுக் கணக்கு

என் பெண்ணுக்குக் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1984-ல் பெண்களுக்கென்றே தொடங்கியது என்பதால் எனக்குத் தைரியம்தான். ஆனால் முதல் செமஸ்டருக்கு அவள் போட்ட திட்டத்தைக் கேளுங்கள்! "வாராவாரம் வெள்ளிக்கிழமை மத்தியான வகுப்பை விட்டுட்டு பழனிக்கு வந்துடறேம்மா." மலைப்பாதை 64 கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பவள்!

அடுப்பை அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். 90 வேலை நாளில் 75 சதவீத வருகை வேண்டும். விடக்கூடியது 22 நாள்தான். வாரம் அரை நாள் என்றால் 18 வாரத்தில் 9 நாள் காலி. காய்ச்சல், மாதவிலக்கு வலி, அக்கா பிரசவம் எல்லாம் மிச்சம் 13-க்குள்!

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு மட்டும் ஆசையில்லையா? மாதம் இருமுறை, சனிக்கிழமை காலையில், இரண்டு இட்லி சாப்பிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து வருவதென்று முடிவு. திரும்பும்போது புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்ப வேண்டும்.