நீங்கள் கேட்டவை: சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

''கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது. அதை நிறுத்திவிட்டு, முருங்கைக்கீரை மட்டும் கொடுக்கலாமா?''

- வாசகி, அஸ்தினாபுரம்.

''நிறுத்த வேண்டாம். உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால் மலம் கறுக்கிறது, பயமில்லை. தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போனால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தச் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகி, சுமார் 120 நாள்கள் வாழ்பவை. அவற்றில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருவாக இரும்பு தேவை. 100 மில்லி ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். கீரையின் இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும் என்பதால், 9 கிராம் உள்ளவருக்குக் கீரை மட்டும் போதாது. மாத்திரையோடு கீரையும் கொடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் குறையும். அளவு சரியான பிறகும், உடலில் இருப்பு நிரம்ப சுமார் 3 மாதங்கள் மாத்திரையைத் தொடர்வது வழக்கம்.

ரத்தம் குறைந்த காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருக்கலாம். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு, பாதத்தைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு குடலில் ரத்தத்தை உறிஞ்சும். அரசு மருத்துவமனையில் காட்டி, பரிசோதித்துக்கொள்ளுங்கள்.''