சுத்தியலை எடுக்காதீர்கள்!

மாணவ நண்பர்களே, பழைய ஸ்கூட்டரின் காந்தச் சக்கரத்தைக் கழற்ற முயன்றிருக்கிறீர்களா? நட்டை எடுத்த பின்னும் அசையாது. கூம்பு வடிவ அச்சின்மீது உராய்வினால் இறுகிக் கிடக்கும். உடனே கை சுத்தியலைத் தேடும். நானும் தேடியவன்தான்! அச்சு முனையின் மரை நசுங்கியது. காந்தமும் விரிசல் கண்டது.

இதற்கென்றே உள்ள கருவி 'புல்லர்'. எல்லா மாடலுக்கும் கடையில் கிடைக்காது. சக்கரத்தில் மரையிட்ட துளைகள் இருந்தால் நாமே செய்யலாம். (நடுவில் மட்டும் மரை இருந்தால் லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.) 10 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு, துளைகளுக்குப் பொருந்தும் போல்ட்டுகள், நடுவே அச்சு முனையை அழுத்த ஒரு பெரிய போல்ட், அவ்வளவே. அந்தப் போல்ட்டின் புரியிடைத் தூரம் 1.5 மி.மீ. என்று கொள்வோம். 150 மி.மீ. ஸ்பானரால் ஒரு சுற்றுச் சுற்றினால் கை சுமார் 942 மி.மீ. நகர்கிறது, போல்ட்டோ 1.5 மி.மீ. மட்டுமே. கணக்குப்படி விசை 628 மடங்கு! உராய்வு பெரும்பகுதியை விழுங்கினாலும் மிச்சமே போதும். திருகுப் பாடத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தத் தகட்டைத் துளையிடுவது மேல் என்பேன்.

ஆனால் வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை அரைகுறையாகச் செய்யாதீர்கள். நழுவினால் ஸ்பிரிங் கண்ணைத் தேடி வரும். அதை மெக்கானிக்கிடம் இரவல் கேளுங்கள். தர மறுத்தால், எப்படிப் பிடிக்கிறார் என்றாவது பார்த்துவிட்டு வாருங்கள்.